யோவானினாவும் சாகோரி மலை ஊர்களும்

யோவானினா, கிரேக்க நாட்டின் வடமேற்கில் எபிரஸ் பகுதியில் பம்வோதிசா ஏரிக்கரையில் அமைந்துள்ள பழைய நகரமாகும். அதற்கு வடக்கே பிந்தோஸ் மலைத்தொடரில் பரவிக் கிடக்கும் 46 ஊர்களின் தொகுதி சாகோரி எனப்படுகிறது. 'மலைக்கு அப்பால்' என்று பொருள்படும் ஸ்லாவியச் சொல்லிலிருந்து வந்த பெயர் இது. சாகோரியின் பண்பாட்டு நிலப்பரப்பை யுனெஸ்கோ 2023-இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. நகரைச் சுற்றிப் பார்க்க ஒரு நாள் போதும். மலை ஊர்களுக்கு அவ்வாறு சொல்ல முடியாது.

கோட்டையும் ஏரியும்

ஏரிக்குள் நீண்டிருக்கும் முனையில் கோட்டை நிற்கிறது. அதன் மதிலுக்குள் இன்றும் மக்கள் குடியிருக்கிறார்கள். அங்குள்ள அஸ்லான் பாஷா மசூதி இப்போது அருங்காட்சியகம். 1788-இல் இந்நகரைக் கைப்பற்றிய அலி பாஷா, பெயருக்கு உதுமானிய சுல்தானின் ஆளுநர், நடைமுறையில் தனியரசர். இறுதியில் சுல்தானே அவர்மேல் படை அனுப்பினார். 1822-இல் ஏரித் தீவிலுள்ள ஒரு மடத்தில் அவர் கொல்லப்பட்டார். கரையிலிருந்து படகேறினால் சிறிது நேரத்தில் அத்தீவை அடையலாம். நகரம் 1913-இல் கிரேக்கத்துடன் இணைந்தது.

அலி பாஷாவின் கதையோடு திரும்பிவிடும் பயணிகள், கோட்டைக்குள்ளேயே இருக்கும் யூதத் தொழுகைக்கூடத்தைப் பெரும்பாலும் தவறவிடுகிறார்கள். கிரேக்க மொழி பேசிய ரோமானியோட் யூதர்கள் பல நூற்றாண்டுகளாக இங்கு வாழ்ந்தவர்கள். 1944 மார்ச் 25 அன்று அவர்களில் 1,800-க்கும் மேற்பட்டோரை ஜெர்மானியப் படையினர் பிடித்து ஆஷ்விட்ஸ் முகாமுக்கு அனுப்பினர். மிகச் சிலரே உயிருடன் திரும்பினர்.

கல்லால் ஆன ஊர்கள்

சாகோரியில் வீட்டுச் சுவர், கூரை, தெரு, பாலம் எல்லாமே கல். இந்த வட்டாரத்தில் விளைநிலம் குறைவு. எனவே ஆண்கள் வணிகத்துக்காகக் கான்ஸ்டான்டிநோபிள், ருமேனியா, ரஷ்யா என்று வெளியேறினர். உதுமானிய ஆட்சியில் இவ்வூர்கள் பெற்றிருந்த தன்னாட்சிச் சலுகைகள், அவர்கள் ஈட்டி அனுப்பிய செல்வம் ஊரிலேயே தங்க உதவின. மாளிகைகளும் பள்ளிகளும் அப்பணத்தில் எழுந்தவை. கீப்பி ஊருக்கு அருகே மூன்று வளைவுகளுடன் நிற்கும் பாலத்தை 1814-இல் கட்டப் பணம் தந்தவர் ஒரு மடத்தின் தலைவர். பின்னாளில் அதைப் பழுதுபார்த்த குடும்பத்தின் பெயரால் அது பிளாகிதா பாலம் என்றும் அழைக்கப்படுகிறது.

ஊர்களுக்கு மேலுள்ள சரிவுகளில் 'புனிதக் காடுகள்' உள்ளன. அங்கே மரம் வெட்டுவோர் திருச்சபையிலிருந்து விலக்கப்படுவர் என்ற அச்சம் அவற்றைக் காத்தது. மரம் போனால் மண் சரிந்து வீட்டின்மேல் விழும் என்பது ஊராருக்குத் தெரிந்திருந்தது. அந்த விலக்கு அவர்கள் ஏற்படுத்திய காவல் என்றே கொள்ளலாம்.

வெளியூர்ப் பணத்தால் வளர்ந்த ஊர்களை வெளியேற்றமே காலியாக்கியது. இரண்டாம் உலகப் போரில் சில ஊர்கள் எரிக்கப்பட்டன. அடுத்து வந்த உள்நாட்டுப் போருக்குப் பின் பலர் நகரங்களுக்கும் வெளிநாடுகளுக்கும் சென்றனர். புதிதாகக் கட்ட ஆளில்லாததும் பழைய தோற்றம் கலையாமல் நிலைக்க ஒரு காரணம். பிறகு வந்த கட்டட விதிகள் அதை நிலைப்படுத்தின. இன்று குளிர்காலத்தில் பல வீடுகள் பூட்டியே கிடக்கின்றன. பழைய மாளிகைகள் சில விடுதிகளாகியுள்ளன.

செல்லும் முறை

யோவானினாவிலிருந்து மொனோதென்ட்ரி ஊர் ஏறத்தாழ 40 கி.மீ. பேருந்துகள் மிகக் குறைவு என்பதால் வாடகைக் கார் எடுப்பதே நல்லது. மொனோதென்ட்ரியில் இறங்கும் பாதை விக்கோஸ் பள்ளத்தாக்கு வழியாக விக்கோஸ், பாப்பிங்கோ ஊர்களை அடைகிறது. அகலத்தோடு ஒப்பிடுகையில் உலகிலேயே மிக ஆழமான பள்ளத்தாக்கு என்று இதைக் கின்னஸ் நூல் குறித்துள்ளது. முழுவதும் நடக்க ஒரு பகல் தேவைப்படும். கோடையில் பள்ளத்தாக்கின் மேற்பகுதியில் ஆறு வறண்டு, விக்கோஸ் ஊருக்குக் கீழேயுள்ள ஊற்றுகளை அடையும்வரை தண்ணீர் கிடைப்பது அரிது. ஆகவே குடிநீர் கையில் இருக்க வேண்டும். இலையுதிர் காலத்தின் முற்பகுதி நடைக்கு ஏற்றது. பள்ளத்தாக்கு முழுவதும் நடக்க விரும்பாதோர் பெலோய் காட்சிமுனையிலிருந்து அதைப் பார்க்கலாம். அதற்கு அருகிலுள்ள வ்ரதெத்தோ ஊருக்கு 1970-களில் சாலை வரும்வரை, பாறைச் சரிவில் வளைந்து ஏறும் கற்படிகளே வழி. அப்படிகளில் இன்றும் ஏறிச் செல்லலாம்.