‘லிங்க் இல்லை’: கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் என்ன இருக்கிறது?

மாதத்தின் முதல் வேலை நாள். ஓய்வூதியம் பெற வந்த முதியவர்கள் காலையிலேயே கிளையில் வரிசையில் நிற்கின்றனர். முகப்பில் அமர்ந்திருக்கும் ஊழியர் திரையைப் பார்த்துவிட்டு, ‘லிங்க் இல்லை, சற்றுப் பொறுங்கள்’ என்கிறார். இச்சொற்களைக் கேட்டிராத வாடிக்கையாளர் அரிது. ஆனால் எந்த லிங்க், அது எங்கே அறுந்தது, அதனால் நம் பணத்திற்கு ஏதேனும் ஆகுமா என்னும் ஐயங்கள் பெரும்பாலும் விடையின்றியே நின்றுவிடுகின்றன. விடை, கிளையின் ஒரு மூலையில் மெல்லிய இரைச்சலுடன் நிற்கும் இரும்பு அலமாரிக்குள் இருக்கிறது. அதன் கண்ணாடிக் கதவை இம்முறை திறந்து பார்ப்போம்.

பேரேடு இங்கே இல்லை

முன்னாளில் நம் கணக்கு எழுதப்பட்ட பேரேடு கிளையிலேயே இருந்தது. கோர் பேங்கிங் முறை வந்தபின் அந்தப் பேரேடு வேறொரு நகரில் உள்ள தரவு மையத்திற்குச் சென்றுவிட்டது. அதன் மறுபடி மற்றொரு நகரிலும் காக்கப்படுகிறது. கிளையில் நாம் காணும் கணினி, அந்தப் பேரேட்டைப் படிக்கவும் எழுதவும் உதவும் சாளரம் மட்டுமே. கிளைக்கும் தரவு மையத்திற்கும் இடையே உள்ள தொடர்பைத்தான் ஊழியர்கள் லிங்க் என்கின்றனர். அது கிளைக்குள் நுழையும் வாயிலில் நிற்கும் கருவியே நாம் பார்க்கப்போகும் பெட்டி. தகவல் செல்லும் வழியைத் தேர்ந்தெடுக்கும் ரூட்டரின் பணியும், வேண்டாதவற்றைத் தடுக்கும் ஃபயர்வாலின் பணியும் பல கருவிகளில் ஒரே பெட்டிக்குள் அமைந்துள்ளன.

அளவில் ஓர் ஒழுங்கு

அந்த அலமாரியை ரேக் என்பர். எந்த நிறுவனம் செய்த கருவியாயினும் ரேக்கில் பொருந்த வேண்டும் என்பதற்காக, அதன் முகப்பு அகலம் 19 அங்குலம் என உலகெங்கும் வகுக்கப்பட்டுள்ளது. உயரத்தை ‘யூ’ என்னும் அலகால் அளக்கின்றனர். ஒரு யூ என்பது 1.75 அங்குலம், அதாவது 44.45 மில்லிமீட்டர். தரவு மையங்களில் 42 யூ உயரமுள்ள ரேக்குகள் ஆளுயரத்தில் வரிசையாக நிற்கும். கிளைகளுக்குச் சுவரில் பொருத்தும் சிறிய ரேக்கே போதும். நம் கருவி பெரும்பாலும் ஒரு யூ உயரமே உடையது. தடித்த புத்தகம் ஒன்றைப் படுக்க வைத்தது போல் இருக்கும்.

முகப்பில் உள்ள துளைகள்

கருவியின் முன்பக்கத்தில் வரிசையாகத் தெரியும் சதுரத் துளைகள் ஆர்ஜே-45 எனப்படும் போர்ட்டுகள். ஒவ்வொன்றிலும் எட்டு மெல்லிய தொடுமுனைகள் உண்டு. அவற்றில் பொருந்தும் கேபிளுக்குள் எட்டுச் செப்புக் கம்பிகள் இரண்டிரண்டாக முறுக்கப்பட்டிருக்கும். அருகிலுள்ள மின்கம்பிகளின் குறுக்கீட்டைக் குறைப்பதற்காகவே இந்த முறுக்கல். இத்தகைய கேபிளின் நீளம் 100 மீட்டரைத் தாண்டலாகாது என்பது விதி. கிளைக்குள் இருக்கும் கணினிகளும், பாஸ்புக் அச்சிடும் இயந்திரமும் இவ்வகைக் கேபிள்கள் வழியாகவே இக்கருவியை அடைகின்றன.

அவற்றின் அருகே உலோக விளிம்புடைய சற்றே நீண்ட துளைகளைக் காணலாம். அவை எஸ்எஃப்பி போர்ட்டுகள். அவற்றில் விரல் அளவுள்ள ஒரு சிறு பகுதியைச் செருகுவர். அது மின் துடிப்பை ஒளியாகவும் ஒளியை மின் துடிப்பாகவும் மாற்றும். அதிலிருந்து புறப்படும் கண்ணாடி இழையில் ஒளி செல்லும் நடுப்பகுதி தலைமுடியைவிடப் பன்மடங்கு மெல்லியது. ஆயினும் பல கிலோமீட்டர் தொலைவுக்குத் தகவலைக் கொண்டு செல்லும். கண்ணாடி மின்சாரத்தைக் கடத்தாது. ஆதலால் இடி மின்னலின்போது செப்புக் கம்பி வழியே பாய்ந்து வரக்கூடிய மின்னதிர்ச்சி இந்த இழை வழியே வருவதில்லை.

‘கன்சோல்’ என்று எழுதப்பட்ட தனிப் போர்ட் ஒன்றும் உண்டு. வலையமைப்பு முழுவதும் செயலற்றுப் போனாலும், பொறியாளர் நேரில் வந்து தம் மடிக்கணினியை இதில் இணைத்துக் கருவியுடன் பேச முடியும். வீட்டின் பின்கதவு போன்றது இது. ஆகவே முன்கதவினும் கவனமாகக் காக்கப்பட வேண்டும். யு.எஸ்.பி. போர்ட்டுக்கும் இது பொருந்தும். யாரோ கொண்டுவந்த பென்டிரைவ் அதில் நுழையாதிருக்கவே, பயன்படாத போர்ட்டுகளை முடக்கி வைப்பதும் ரேக்கைப் பூட்டி வைப்பதும் வழக்கமாக உள்ளன. பழுது பார்க்க வந்ததாகச் சொல்பவரிடம் ஊழியர்கள் அடையாள அட்டை கேட்டு, பதிவேட்டில் கையொப்பம் பெறுவதும் இதற்காகவே.

விளக்குகளின் மொழி

ஒவ்வொரு போர்ட்டின் அருகிலும் எல்.இ.டி. விளக்கு உண்டு. பொதுவாக, விளக்கு நிலையாக எரிந்தால் மறுமுனையுடன் தொடர்பு இருக்கிறது. விட்டுவிட்டு மின்னினால் தகவல் போய்வருகிறது. அணைந்திருந்தால் அந்தக் கேபிளிலோ மறுமுனையிலோ குறை இருக்கிறது. நிறங்களின் பொருள் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். லிங்க் அறுந்த நேரத்தில் ஊழியர் தொலைபேசியைக் காதில் வைத்தபடி ரேக்கின் முன் குனிந்து நிற்பதைக் கண்டிருப்போம். தொலைவில் உள்ள பொறியாளர், ‘எந்த விளக்கு எரிகிறது?’ என்று கேட்டுக்கொண்டிருப்பார். அந்த விடையைக் கொண்டே குறை கிளைக்குள் இருக்கிறதா, வெளியே இருக்கிறதா என்பதைப் பிரித்தறிகின்றனர்.

உள்ளேயும் பின்னேயும்

பெட்டிக்குள் செயலி, நினைவகம், இயங்குதளத்தைத் தாங்கும் சேமிப்பகம் ஆகியவை உள்ளன. பல கருவிகளில், தகவலை மறைகுறியாக்குவதற்கென்றே தனிச் சில்லும் இருக்கும். நம் கணக்கு விவரம் கிளையை விட்டு வெளியேறுமுன் பிறர் படிக்க இயலாதவாறு உருமாற்றப்படுவது இங்கேதான். நாணய வடிவிலான சிறு மின்கலம் ஒன்றும் பல கருவிகளில் உண்டு. மின்சாரம் இல்லாத வேளையிலும் கருவியின் கடிகாரம் ஓட அது துணைநிற்கிறது. எண்மச் சான்றிதழ்கள் தேதியைப் பார்த்தே ஏற்கப்படுவதால், கடிகாரம் தவறினால் பாதுகாப்பான தொடர்பே மறுக்கப்படலாம்.

பின்புறத்தில் விசிறிகளும் மின்வழங்கிகளும் உள்ளன. காற்று பெரும்பாலும் முன்னிருந்து உள்ளே புகுந்து பின்வழியே வெளியேறும். ரேக்கைச் சுற்றிப் பழைய கோப்புகளை அடுக்கினால் அந்தக் காற்று தடைப்பட்டு, வெப்பம் ஏறி, கருவி தானே நின்றுவிடக்கூடும். முக்கியமான கருவிகளில் இரண்டு மின்வழங்கிகள் இருக்கும். ஒன்று பழுதானால் மற்றது சுமையை ஏற்கும். ஆனால் இரண்டையும் ஒரே யு.பி.எஸ்.ஸில் செருகினால் அந்த இரட்டிப்பின் பயன் பெரிதும் குறைந்துவிடும்.

இரு வழிகள் உண்மையில் இரண்டுதானா?

தொடர்புக்கும் இவ்வாறே. ஒரு வழி அறுந்தால் மறுவழி கைகொடுக்கும் பொருட்டு, கிளைக்கு இரண்டு நிறுவனங்களிடமிருந்து இணைப்புப் பெறுவது நடைமுறை. ஆயினும் இரண்டு கேபிள்களும் தெருவில் ஒரே பள்ளத்தில் புதைந்திருந்தால், சாலை தோண்டும் ஒரு ஜேசிபி இயந்திரம் இரண்டையும் ஒருசேர அறுத்துவிடும். அதனால்தான் இரண்டாவது வழியாகக் கைப்பேசிக் கோபுரம் வழியான இணைப்பையோ, கூரைமேல் வைக்கும் விசாட் என்னும் செயற்கைக்கோள் இணைப்பையோ தேர்ந்தெடுப்பது நலம். மாற்றுவழியின் வேகம் முதல் வழியினும் குறைவாக இருக்கலாம். திரை மெதுவாக நகரும் நாள்களில், நம் பணி அந்த இரண்டாம் வழியில் நடந்துகொண்டிருக்கக்கூடும்.

நாம் நினைவில் கொள்ள வேண்டியவை

முதலாவது, லிங்க் அறுந்தால் கணக்கு அழிவதில்லை. பேரேடு தரவு மையத்தில் பத்திரமாக இருக்கிறது. நமக்கும் அதற்கும் இடையே உள்ள பாதை மட்டுமே தற்காலிகமாக அடைபட்டிருக்கிறது. பல ஏடிஎம்கள் கிளையின் இணைப்பைச் சாராமல் தனி இணைப்பில் இயங்குவதால், அவசரத் தேவைக்கு அவற்றை நாடலாம்.

இரண்டாவது, ஏடிஎம்மில் பணம் வராமல் கணக்கில் மட்டும் கழிக்கப்பட்டிருந்தால் கலங்க வேண்டியதில்லை. இந்திய ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பர் 20 அன்று வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, பரிவர்த்தனை நாளுக்குப் பின் 5 நாள்களுக்குள் அத்தொகை திரும்ப வரவு வைக்கப்பட வேண்டும். அதன்பின் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு உண்டு. வாடிக்கையாளர் புகார் தரும்வரை காத்திராமல் வங்கியே அதை வழங்க வேண்டும். ஆயினும், ரசீதையும் குறுஞ்செய்தியையும் பத்திரமாக வைத்திருப்பது நன்று.

மூன்றாவது, கிளையில் ரேக்கின் அருகே உள்ள மின் சாக்கெட்டில் கைப்பேசியைச் சார்ஜ் செய்ய முயல வேண்டாம். நம் சார்ஜருக்காகக் கழற்றப்படும் பிளக், நம் பின்னால் வரிசையில் நிற்கும் எல்லோருடைய தொடர்பாகவும் இருக்கலாம்.

அடுத்த முறை கிளைக்குச் செல்லும்போது அந்தக் கண்ணாடிக் கதவை ஒரு கணம் நோக்குவோம். உள்ளே மின்னும் ஒவ்வொரு சிறு விளக்குக்குப் பின்னாலும் யாரோ ஒருவருடைய ஓய்வூதியமோ, பிள்ளையின் கல்விக் கட்டணமோ, கடையின் அன்றைய வரவோ பயணம் செய்துகொண்டிருக்கிறது.