கொழிஞ்சி வேரில் ஓர் உரத் தொழிற்சாலை

மாணவர்களே! புதுக்கோட்டையிலிருந்து சித்தன்னவாசலுக்குச் சுற்றுலா சென்றிருக்கிறீர்களா? அடுத்த முறை ஓவியங்களைப் பார்த்த பின், சாலையோரச் செம்மண் தரிசையும் சற்றுக் கவனியுங்கள். முழங்கால் உயரத்தில், சிறு ஊதாப் பூக்களோடு ஒரு செடி நிற்கும். ஆடுகூட அதை எளிதில் கடிப்பதில்லை. அதுதான் கொழிஞ்சி.

ஐயமிருந்தால் ஒரு சிற்றிலையின் நுனியைப் பிடித்து இழுங்கள். நேராகக் கிழியாமல் அம்புமுனை போலப் பிய்ந்து வரும். பூவோ அவரைப் பூவின் அச்சு. இதுவும் அவரைக் குடும்பம்தான்.

மழையில் மண் இளகியதும் ஒரு செடியை வேர் அறாமல் தோண்டிக் கழுவுங்கள். வேரில் சிறு முடிச்சுகள் தெரியும். ஒன்றை நகத்தால் கீறினால் உள்ளே இளஞ்சிவப்பு! நம் இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினுக்கு உறவான பொருளின் நிறம் அது. செடியின் வேரில் அதற்கென்ன வேலை?

காற்றில் 78 விழுக்காடு நைட்ரஜன். ஆனால் செடி அதை நேரடியாகப் பயன்படுத்த முடியாது. இரண்டிரண்டு அணுக்களாக, மூன்று பிணைப்புகளால் இறுகக் கட்டுண்டு கிடக்கிறது. அக்கட்டை அவிழ்த்து அம்மோனியா ஆக்க, உரத் தொழிற்சாலையில் 400 முதல் 500 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையும், வளிமண்டல அழுத்தத்தைப்போல் ஏறத்தாழ 200 மடங்கு அழுத்தமும் தேவை. கொழிஞ்சி வேரிலோ மண்ணின் சாதாரண வெப்பநிலையிலேயே அது நடக்கிறது! செய்பவை முடிச்சுக்குள் குடியிருக்கும் பாக்டீரியாக்கள். இலவசமாக அல்ல, செடி தன் சர்க்கரையைக் கூலியாகக் கொடுக்கிறது. இவ்வேலைக்கான நைட்ரஜனேஸ் என்னும் நொதியை ஆக்சிஜன் கெடுத்துவிடும். பாக்டீரியா சுவாசிக்கவோ ஆக்சிஜன் வேண்டும். அந்தச் சிவப்புப் பொருள்தான் ஆக்சிஜனைப் பிடித்துவைத்து, அளந்து அளந்து தருகிறது.

முடிச்சுகளின் பயனை 1886-இல் ஜெர்மானியரான ஹெல்ரீகல் விளக்கினார். 1888-இல் டச்சு அறிஞர் பெய்ஜெரிங்க் பாக்டீரியாவைப் பிரித்தெடுத்தார். நம் உழவர்களோ கொழிஞ்சியை வயலில் மடக்கி உழுது உரமாக்குபவர்கள். விதைத்தோல் நீர் புகாத கெட்டி என்பதால் மணலோடு சேர்த்து இடித்து விதைப்பார்கள்.

இயற்பியல் ஆசிரியனான நான் முதலில் தோண்டியது ஆவாரங்கன்றை. அதுவும் அவரைக் குடும்பம்தானே என்ற நினைப்பு. ஒரு முடிச்சும் இல்லை! ஆவாரை இந்தக் கூட்டுறவில் சேராதது என்று தாவரவியல் நண்பர் சிரித்துக்கொண்டே சொன்னார். நீங்கள் இரண்டையும் தோண்டி, வேர்களை அருகருகே வைத்துப் பாருங்கள். கொழிஞ்சியின் முடிச்சு ஒன்று உள்ளே பழுப்பாகவோ பச்சையாகவோ இருந்தால் ஏமாற வேண்டாம். அது வேலையை முடித்து ஓய்ந்துவிட்ட முடிச்சு, அடுத்ததைக் கீறுங்கள்.