இளைஞருக்குக் கால் பங்கு: பட்டியலிலா, சபையிலா?

இலங்கை உள்ளூராட்சித் தேர்தலுக்கான வேட்புமனு ஏற்பு 2025 மார்ச் 20 நண்பகலுடன் முடிவடையவிருந்த நிலையில், சபை ஆசனங்களில் நான்கில் ஒன்று இளைஞருக்கு உறுதியாகிவிட்டதா என்று வாசகர் பலர் கேட்டு எழுதியிருந்தனர். உறுதியாகவில்லை. கட்சியோ சுயேச்சைக் குழுவோ நிறுத்தும் வேட்பாளரில் குறைந்தது 25 சதவீதத்தினர் 18 முதல் 35 வயதுக்குட்பட்டவராக இருக்க வேண்டும் என்பதே 2023ஆம் ஆண்டுத் திருத்தம். மேடைகளில் இளைஞர் பிரதிநிதித்துவம் எனப் பேசப்படுவது, சட்டத்தின்படி போட்டியிடும் வாய்ப்பு மட்டுமே.

வாக்குகள் எண்ணப்பட்ட பின்னர்தான் உண்மையான தெரிவு நடக்கிறது. ஆசனங்களில் 60 சதவீதம் வட்டாரங்களில் வென்றவர்களுக்குச் செல்ல, மீதி 40 சதவீதம் கட்சிகள் சபை முழுவதிலும் பெற்ற வாக்குகளின் விகிதாசாரப்படி நிரப்பப்படுகிறது. அந்த ஆசனங்களுக்கு, வட்டாரத்தில் தோற்றவர்களிலிருந்தோ, கட்சி தனியாகக் கொடுத்த மேலதிகப் பட்டியலிலிருந்தோ யாரை அனுப்புவது என்பதைக் கட்சிச் செயலாளரே தீர்மானிக்கிறார். சபை உறுப்பினரில் 25 சதவீதம் பெண்களாக இருக்க வேண்டும் என்ற விதி, விலக்குகள் சில இருந்தபோதும், இந்தக் கட்டத்தில் அவரைக் கட்டுப்படுத்துகிறது. இளைஞருக்காக அவரைக் கட்டுப்படுத்தும் விதி எதுவும் இல்லை. வாக்குச்சீட்டில் கட்சிக்கோ குழுவுக்கோ ஒரு புள்ளடி மட்டுமே இடலாம், விருப்பு வாக்கு கிடையாது என்பதால், பட்டியலிலுள்ள இளைஞரை முன்னுக்குக் கொண்டுவர வாக்காளராலும் இயலாது.

இளைஞர் அமைதியின்மையை ஆராய்ந்த ஜனாதிபதி ஆணைக்குழு அறிக்கையளித்த 1990இலேயே 40 சதவீத இளைஞர் வேட்பாளர் விதி கொண்டுவரப்பட்டு, பின்னர் கைவிடப்பட்டது. அது வேட்பாளரின் வயதைச் சோதித்ததே தவிர, சபைக்குள் யார் நுழைகிறார் என்பதைக் கவனிக்கவில்லை. அந்த விதி நடைமுறையில் இருந்த 2006இல் வேட்பாளர் ஒருவரின் வயதுத் தகுதி பொருந்தாததால் கொழும்பு மாநகர சபைக்கான ஐக்கிய தேசியக் கட்சியின் பட்டியல் முழுவதும் நிராகரிக்கப்பட்டது. அக்கட்சி ஆதரித்த, மூக்குக்கண்ணாடிச் சின்னத்தில் போட்டியிட்ட சுயேச்சைக் குழு வென்று, முச்சக்கரவண்டிச் சாரதி ஒருவர் மேயரானார்.

மற்றக் கேள்விகள் சில: சுயேச்சைக் குழுக்களுக்கும் இப்போதைய 25 சதவீத விதி உண்டா? உண்டு.

வயதை எவ்வாறு நிறுவுவது? பிறப்புச் சான்றிதழின் உறுதிப்படுத்திய பிரதியையோ, பிறந்த திகதியை உறுதிப்படுத்தும் சத்தியக்கடதாசியையோ மனுவோடு இணைக்க வேண்டும்.

இளைஞர் பங்கு குறைந்தால்? பட்டியல் நிராகரிக்கப்படும்.

பெண்களுக்கு உள்ளதுபோன்ற ஆசன உறுதியை நாடாளுமன்றம் இளைஞருக்கும் அளிக்கும்வரை, விகிதாசார ஆசனங்களில் எத்தனையை இளைஞருக்குத் தருவோம் என்பதைச் செயலாளர்கள் வாக்களிப்புக்கு முன்பே பெயர்களோடு அறிவிக்க வேண்டும். வாக்குக் கேட்டு வீட்டு வாசலுக்கு வருவோரிடம் வாக்காளர் இதைக் கேட்க வேண்டும்.