சிறிய வீட்டில் ஒளிப்படத் தாள் தயாரித்தல்

வெள்ளி உப்பு பூசிய ஆயத்தத் தாளோ இருட்டறையோ இன்றி, ஒளிபட்டால் மாறும் கரைசலை நல்ல தாளின் மீது கையால் பூசி வெயிலில் படம் பதிக்கும் பழைய முறைகள் இன்று மாற்று ஒளிப்பட அச்சு என்று வழங்கப்படுகின்றன. அவற்றுள் சிறிய வீட்டுக்கு மிகவும் ஏற்றது சயனோடைப். 1842-இல் வானியலாளர் ஜான் ஹெர்ஷல் கண்டறிந்ததும், அடுத்த ஆண்டே அன்னா அட்கின்ஸ் கடற்பாசிகளின் நிழலுருக்களை நூலாக வெளியிடத் தொடங்குவதற்குக் கைக்கொண்டதுமான இம்முறையில், ஃபெரிக் அம்மோனியம் சிட்ரேட்டும் பொட்டாசியம் ஃபெர்ரிசயனைடும் சேர்ந்த பூச்சு, புற ஊதாக் கதிர் பட்ட இடங்களில் பிரஷ்யன் நீலம் என்னும் நீரில் கரையாத நிறமியாக மாறித் தாளின் இழைகளில் தங்கிவிடுகிறது. பாதுகாப்பு என்றதும் கையுறையும் முகக்கவசமும் நினைவுக்கு வருவது இயல்பே. எனினும் சமைப்பதும் உறங்குவதும் சில அடிகளுக்குள் நிகழும் வீட்டில், எந்த வேதிப்பொருளை வாசலுக்குள் விடுவது என்ற முடிவுதான் அவற்றைவிடப் பெரிய காப்பாகும்.

அந்த முடிவு தாளில் தொடங்குகிறது. மரக்கூழில் செய்த மலிவான தாள் நெடுநேரம் நீரில் அலசினால் கிழிந்துபோகும். ஆகையால் முழுப் பருத்தி இழையாலான, சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள நீர்வண்ணத் தாளே பெரிதும் விரும்பப்படுகிறது. ஆனால் நெடுங்காலம் பழுக்காமல் இருப்பதற்காக இத்தகைய தாள்கள் பலவற்றில் கால்சியம் கார்பனேட், அதாவது சுண்ணாம்புச் சத்து, சேர்க்கப்பட்டிருக்கும். பிரஷ்யன் நீலம் காரத்தைத் தாங்காது என்பதால், ஓவியருக்கு நன்மை செய்யும் அதே பொருள் இங்கே படத்தை வெளிறச் செய்துவிடுகிறது. சுண்ணாம்பு சேராத தாள் கிடைக்காவிட்டால், எலுமிச்சை உப்பு என்று மளிகைக் கடையில் விற்கும் சிட்ரிக் அமிலத்தின் நீர்த்த கரைசலில் தாளை ஊறவைக்கலாம். சிறு குமிழிகள் எழுவது கார்பனேட் கரைவதன் அடையாளம், அவை அடங்கிய பின் நன்கு அலசி உலர்த்தினால் தாள் பூச்சுக்கு ஆயத்தமாகிவிடும்.

அடுத்தது, கரைசல் தாளுக்குள் ஆழமாக இறங்கிவிடாமல் மேற்பரப்பிலேயே நிற்பதற்காக இழைகளின் இடைவெளியை அடைக்கும் சைசிங். வேட்டிக்குக் கஞ்சி போடுவதைப் போன்றது. தாளின் மூலையில் ஒரு சொட்டு நீர் விட்டால் அது உடனே உறிஞ்சப்பட்டு மறுபுறம் ஈரம் தெரிந்தால் சைசிங் போதவில்லை என்றும், முத்தாகத் திரண்டு சற்று நேரம் நின்றால் போதும் என்றும் அறியலாம். நல்ல நீர்வண்ணத் தாளில் ஆலையே இதைச் செய்துவிடுவதால் சயனோடைப்புக்கு மேலும் எதுவும் தேவைப்படாது. உறிஞ்சும் தன்மை மிகுந்த கைத்தாளுக்கு, கூவைக்கிழங்கு மாவு எனப்படும் ஆரோரூட் மாவை நீர்க்கக் காய்ச்சி ஆறவைத்து மெல்லிய பூச்சாகத் தடவினால் போதுமானது. மாவுப் பூச்சைக் கரப்பானும் வெள்ளிப்பூச்சியும் நாடிவரும் என்பதால் அத்தாளை மூடிய உறையில் வைப்பது நல்லது.

ஆபத்து நுழைவது மற்றொரு மாற்று அச்சு முறையான பல வண்ணக் கம் பைக்ரோமேட்டில்தான். அதில் ஒரே தாள் மீண்டும் மீண்டும் பூசி அலசப்படுவதால், ஜெலட்டினைத் தடவி அதை நீரில் கரையாதபடி இறுக்க வேண்டியிருக்கிறது. அதற்குப் பழைய நூல்கள் பரிந்துரைத்த ஃபார்மலின், மூக்கையும் கண்ணையும் எரிக்கும் ஃபார்மால்டிஹைடு ஆவியை அறையெங்கும் பரப்புகிறது. உலரும் தாள்கள்கூட அதை விட்டுக்கொண்டே இருக்கும். பதிலாகக் கூறப்படும் கிளையாக்சாலும் தோலையும் கண்ணையும் உறுத்துவதே. அடுத்துப் பூசும் பொட்டாசியம் டைகுரோமேட் என்னும் ஆரஞ்சுப் படிகமோ, மூச்சில் சென்றால் நுரையீரலையும், பட்டால் தோலையும் தாக்கக்கூடிய ஆறிணைதிறக் குரோமியச் சேர்மம். இவ்வகைக் குரோமியத்தையும் ஃபார்மால்டிஹைடையும் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை முதல் பிரிவில், அதாவது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதியான பொருள்களுள், வைத்திருக்கிறது. குழந்தைகள் தரையில் தவழும் வீட்டில் இவ்விரண்டுக்கும் இடமே இல்லை. அம்முறையின் அழகை விரும்புவோர் அதற்கென அமைந்த பயிற்சிக்கூடத்தை நாடுவதே தகும்.

சயனோடைப் உப்புகள் அத்தனை கொடியவை அல்ல. ஃபெர்ரிசயனைடு என்ற பெயர் அச்சமூட்டினாலும், அதிலுள்ள சயனைடு இரும்போடு இறுகப் பிணைந்திருப்பதால் நச்சுத்தன்மை குறைவு. ஆனால் வலுவான அமிலம், அதிலும் சூடாக, சேர்ந்தால் அப்பிணைப்பு குலைந்து ஹைட்ரஜன் சயனைடு என்னும் கொடிய வாயு வெளிப்படும் என்பதால், கழிவறை கழுவும் ஆசிட் ஊற்றிய இடத்தில் எஞ்சிய கரைசலை ஒருபோதும் கொட்டலாகாது. 100 மில்லி நீருக்கு 25 கிராம் சிட்ரேட், மற்றொரு 100 மில்லிக்கு 10 கிராம் ஃபெர்ரிசயனைடு எனத் தனித்தனிக் கரைசல்களாகப் பெயரெழுதிய பழுப்புப் புட்டிகளில் பூட்டிவைத்து, பூசும்போது மட்டும் தேவையான அளவைச் சமமாகக் கலக்க வேண்டும். பொடியை நிறுக்கையில் மின்விசிறியை நிறுத்தி முகக்கவசம் அணிவதும், தராசு, கரண்டி, தட்டு, தூரிகை எதையும் சமையலுக்குத் திருப்பாமல் இருப்பதும் கட்டாயம். பூச்சு மங்கிய மஞ்சள் விளக்கொளியில் நடக்கலாம். பூசிய தாள் இருட்டில் உலர்ந்து மஞ்சள் கலந்த பச்சையாகவே இருக்க வேண்டும், வெயில் படும் முன்பே நீலம் படர்ந்தால் தாளில் மாசு இருக்கக்கூடும். ஆழ்துளைக் கிணற்று நீர் பெரும்பாலும் காரத்தன்மை உடையதாதலால், வெயிலில் பதித்த படத்தை அலசும் முதல் நீரில் சிறிது வினிகர் சேர்த்துக்கொண்டால் நீலம் வெளிறாது.