ஜீனைத் திருத்தலாம்... சரி, யாரைக் கேட்டுத் திருத்துறது?

ஏற்காட்டுக்கு டூர் போனா லேக், லேடீஸ் சீட், பகோடா பாயின்ட்னு ஒரு ரவுண்டு அடிச்சுட்டு, ரெண்டு பாக்கெட் காபித்தூளோட இறங்கிடுவோம். அந்தச் சேர்வராயன் மலையின் சொந்தக்காரர்களான மலையாளி பழங்குடி மக்களை எத்தனை பேர் கவனிச்சிருப்போம்? கேரளா இல்லீங்க, இவங்க பேசுறது தமிழ். ஜீன் எடிட்டிங் பற்றிய விவாதம் கடைசியில் இவங்களை மாதிரி மலை மக்களிடம்தான் வந்து நிக்குது.

காரணம், சிக்கிள் செல் அனீமியா. ரத்தச் சிவப்பணு அரிவாள் மாதிரி வளைஞ்சு, ரத்தக்குழாயை அடைச்சு, உயிர்போற வலியைக் கொடுக்குற பரம்பரை நோய். இந்தியாவில் இந்த ஜீன் முதன்முதலில் 1952-ல் கண்டறியப்பட்டது நம்ம நீலகிரி மலை மக்களிடம்தான். 2023 ஜூலையில் மத்திய அரசு தொடங்கிய ஒழிப்புத் திட்டம், தமிழ்நாடு உட்பட 17 மாநிலங்களின் பழங்குடிப் பகுதிகளில், 40 வயது வரையிலான 7 கோடி பேரைப் பரிசோதிக்க இலக்கு வெச்சது.

அம்மா, அப்பா ரெண்டு பேர்கிட்ட இருந்தும் அந்த ஜீன் வந்தாதான் நோய். ஒருத்தர்கிட்ட இருந்து மட்டும் வந்தா 'கேரியர்'. பெரும்பாலும் எந்தத் தொந்தரவும் இருக்காது. ரெண்டு கேரியர்கள் கல்யாணம் பண்ணிக்கிட்டா, ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வர 25% வாய்ப்பு. அதனால பரிசோதனை முடிவை ஒரு கார்டாவே கொடுக்குறாங்க, கல்யாணத்துக்கு முன்னாடி பார்த்துக்கச் சொல்லி. நல்ல விஷயம்தான். ஆனா, செவ்வாய் தோஷம்னாலே பொண்ணைத் தட்டிக்கழிக்கிற ஊர் இது. ஆரோக்கியமா இருக்குற கேரியர் பொண்ணை 'ரத்தத்துல குறை'னு ஒதுக்க எவ்வளவு நேரமாகும்?

சரி, ஜீனையே திருத்திட்டா? 2023 இறுதியில் பிரிட்டனும் அமெரிக்காவும் அனுமதிச்ச 'காஸ்ஜெவி' சிகிச்சை அதைத்தான் செய்யுது. நோயாளியின் ஸ்டெம் செல்களை வெளியே எடுத்து, கிரிஸ்பர் எனும் மூலக்கூறுக் கத்தரியால் திருத்தி, திரும்ப உடம்புக்குள் ஏத்துவாங்க. அமெரிக்காவில் விலை 22 லட்சம் டாலர். காபித் தோட்டத்தில் கூலிக்குப் போறவங்ககிட்ட அந்த எண்ணைச் சொல்றதே அபத்தம். அதோட, இதுக்கு முன்னாடி கொடுக்குற கீமோ மருந்து குழந்தைப்பேற்றைப் பாதிக்கலாம். கையெழுத்து வாங்குறதுக்கு முன்னாடி, இதையெல்லாம் அவங்களுக்குப் புரியுற மாதிரி உட்கார்ந்து பேசணும்.

நம்ம ஊர்லயும் முயற்சிகள் நடக்குது. வேலூர் சிஎம்சி-யில் ஹீமோபிலியா நோயாளிகள் 5 பேருக்கு ஜீன் சிகிச்சை கொடுத்து, ரத்தக்கசிவு நின்ன விவரம் 2024 டிசம்பரில் வெளியானது. சிக்கிள் செல்லுக்காக டெல்லி ஐஜிஐபி விஞ்ஞானிகள் உருவாக்கிய கிரிஸ்பர் சிகிச்சைக்கு, பழங்குடித் தலைவர் பிர்சா முண்டா பெயரையே வெச்சிருக்காங்க. மலிவா கொடுக்கணும்ங்கிறது நோக்கம்.

இதெல்லாம் அந்த ஒரு ஆளோட முடியுற திருத்தம். கருவிலேயே கைவெச்சா கதையே வேற. அது பேரன் பேத்தி வரைக்கும் போகும். இந்தச் சிக்கிள் ஜீனையே எடுத்துக்கோங்க, ஒண்ணு மட்டும் இருந்தா கடுமையான மலேரியாவில் இருந்து காப்பாத்தும். 'குறை'னு வம்சத்துல இருந்தே அழிச்சா, அந்தப் பாதுகாப்பும் சேர்ந்து போயிடும்.

2018-ல் சீன விஞ்ஞானி ஹெ ஜியான்குய், எய்ட்ஸ் கிருமி தொற்றாதபடி ஜீன் திருத்திய இரட்டைப் பெண் குழந்தைகள் பிறந்திருப்பதா அறிவிச்சார். அவருக்கு 3 வருஷம் ஜெயில். நம்ம நாட்டில் ஐசிஎம்ஆர் 2019-ல் வெளியிட்ட வழிகாட்டுதலும் இதைத் தடை செய்யுது. திருத்தத்தை உடம்பில் சுமக்கப்போற குழந்தைகிட்ட யாரும் சம்மதம் வாங்க முடியாதே!