பெட்டியில் வருவது முக்கால் சைக்கிள்தான்!

சைக்கிள் வாங்குவது என்றால் ஒரு காலத்தில் அது அரை நாள் வேலை. அம்பத்தூர் வண்டியா, லூதியானா வண்டியா என்று முதலில் முடிவு செய்ய வேண்டும். பிறகு ரிம், டயர், சீட், டைனமோ என்று ஒவ்வொன்றாகப் பார்த்துச் சொல்ல வேண்டும். கடை மேஸ்திரி கண்ணெதிரிலேயே வண்டியைப் பூட்டுவார். வீலுக்குக் கோட்டம் எடுப்பார், காற்று அடிப்பார், பிரேக் பிடித்துப் பார்ப்பார். அதன் பிறகுதான் வண்டி வாடிக்கையாளர் கைக்கு வரும்.

இப்போது கைப்பேசியில் பணம் கட்டினால் சில நாட்களில் ஓர் அட்டைப்பெட்டி வாசலில் வந்து இறங்குகிறது. ஆனால் அதற்குள் இருப்பது முழு சைக்கிள் அல்ல. "85 சதவீதம் பூட்டியது", "90 சதவீதம் பூட்டியது" என்றுதான் விளம்பரமே சொல்கிறது. மீதி என்ன? கைப்பிடி, முன் சக்கரம், பெடல், சீட், பிரேக்கைச் சரி செய்வது. ஓட்டுகிறவரின் உயிர் எந்தப் பாகங்களை நம்பியிருக்கிறதோ அவையெல்லாம் அந்த மீதியில்தான் அடக்கம்!

ஏன் இந்த ஆர்வம்?

பெங்களூரில் 2025 ஜனவரியில் மாநகரப் பஸ் கட்டணம் 15 சதவீதம் உயர்ந்தது. பிப்ரவரியில் மெட்ரோ ரயிலின் அதிகபட்சக் கட்டணம் 60 ரூபாயிலிருந்து 90 ரூபாய் ஆயிற்று. அதே ஆண்டு செப்டம்பர் 22 முதல் சைக்கிளுக்கான ஜி.எஸ்.டி. வரி 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. அல்சூரிலிருந்தும் ஸ்ரீராமபுரத்திலிருந்தும் வேலைக்குப் போகிறவர்கள் சைக்கிள் பக்கம் திரும்பிப் பார்ப்பதில் வியப்பில்லை.

கணக்கும் எளிது. போக வர நாளொன்றுக்கு 50 ரூபாய் செலவழிப்பவருக்கு, மாதம் 25 நாள் வேலை என்றால் 1,250 ரூபாய் ஆகிறது. 15,000 ரூபாய் சைக்கிள் 12 மாதத்தில் தன் விலையைத் தானே கட்டிவிடும். ஆனால் அந்த 12 மாதமும் வண்டி ஒழுங்காக ஓட வேண்டும்!

ஹைபிரிட் என்பது என்ன?

பந்தய சைக்கிளுக்கும் மலைப்பாதை சைக்கிளுக்கும் நடுவில் பிறந்த வண்டி இது. சக்கரம் பந்தய சைக்கிளைப் போலப் பெரியது. டயர் அதைவிடச் சற்று அகலமானது. கைப்பிடி நேராக இருப்பதால் முதுகை அதிகம் வளைக்க வேண்டியதில்லை. கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல் உள்ள பெங்களூரில் ஏற்ற இறக்கம் இல்லாத சாலை குறைவு. ஆகவே பின்பக்கம் 7 கியர் உள்ள வண்டி கால்வலியைக் குறைக்கும். அதிகக் கியர் இருந்தால் அதிக உயர்ந்த வண்டி என்று எண்ண வேண்டாம். மலிவு விலையில் 21 கியர் தருகிறவர், வேறு எங்காவது செலவைக் குறைத்திருப்பார். குலுங்கும் முன் சஸ்பென்ஷனும் அப்படித்தான். நகர வீதிக்கு அது தேவையில்லாத எடை.

பணம் கட்டுவதற்கு முன்

முதலில் அளவு. வெறுங்காலுடன் சுவரில் சாய்ந்து நின்று, தொடை சேரும் இடத்திலிருந்து தரை வரை டேப் வைத்து அளக்க வேண்டும். வண்டியின் மேல் குழாய்க்கு இருபுறமும் கால் ஊன்றி நின்றால், குழாய்க்கும் உடம்புக்கும் இடையில் ஓர் அங்குலம் முதல் இரண்டு அங்குலம் வரை இடைவெளி இருப்பது நல்லது. விற்பவர் தரும் அளவுப் பட்டியலில் இதைச் சரிபார்க்கலாம். "எல்லோருக்கும் ஒரே அளவு" என்ற வண்டியிடம் எச்சரிக்கை தேவை.

படத்தில் தெரியும் ஸ்டாண்டு, மட்கார்டு, கேரியர், பெல் ஆகியவை விலையில் சேர்ந்தவையா என்று படித்துப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் சேர்ந்திருக்காது. சோற்றுப் பையைக் கட்டிக்கொண்டு மழையில் போகிறவருக்கு இவை அலங்காரம் அல்ல. இவற்றுக்கும் முன் பின் விளக்குகளுக்கும் பூட்டுக்கும் தனியாகப் பணம் ஒதுக்கிவிட்டுத்தான் வண்டியின் விலையை முடிவு செய்ய வேண்டும்.

பெட்டி வந்ததும்

பெட்டியில் ஓட்டையோ நசுங்கலோ இருந்தால் பிரிப்பதற்கு முன்பே படம் எடுத்துக்கொள்ள வேண்டும். பிரிப்பதையும் வீடியோ எடுத்தால் பின்னால் வழக்கு வராது. சிறு பைகளில் இருக்கும் நட்டு, வாஷர், பிரதிபலிப்பான் எதையும் குப்பையில் போட்டுவிடக் கூடாது. தேவையான கருவிகள் சிலவே: 4, 5, 6 மில்லிமீட்டர் அலன் கீ, 15 மில்லிமீட்டர் ஸ்பேனர், நட்சத்திர முனை ஸ்குரூடிரைவர், கொஞ்சம் கிரீஸ், ஒரு பம்பு.

பூட்டும் வரிசை

பெட்டிக்குள் அடங்குவதற்காக முன் போர்க்கைப் பின்பக்கமாகத் திருப்பி வைத்திருப்பார்கள். அதை அப்படியே விட்டுக் கைப்பிடியை மாட்டுவதுதான் பலர் செய்யும் தவறு. போர்க்கின் வளைவு முன்னோக்கி இருக்க வேண்டும். டிஸ்க் பிரேக் வண்டியானால் பிரேக் இடது பக்கம் இருக்க வேண்டும். ரிம்மைப் பிடிக்கும் பிரேக்கானால் அதன் கரங்கள் போர்க்கின் முன்புறம் இருக்க வேண்டும்.

அடுத்தது கைப்பிடி. இன்றைய வண்டிகள் பலவற்றில் உச்சியில் ஒரு போல்ட்டும் பக்கவாட்டில் இரண்டு போல்ட்டும் இருக்கும். உச்சிப் போல்ட்டின் வேலை பேரிங்கின் ஆட்டத்தை எடுப்பது மட்டுமே. ஆட்டம் நின்றதும் நிறுத்திவிட்டு, கைப்பிடியை முன் சக்கரத்துக்கு நேராக வைத்துப் பக்கப் போல்ட்டுகளை மாற்றி மாற்றி முறுக்க வேண்டும். பக்கப் போல்ட்டுகளை முறுக்கிய பின் உச்சியை முறுக்குவதால் பயனில்லை. முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் ஆட்டினால் "டக் டக்" என்று தட்டக் கூடாது. கைப்பிடியும் தடையின்றித் திரும்ப வேண்டும். சீட் தண்டிலும், செருகும் வகைக் கைப்பிடித் தண்டிலும் ஒரு கோடு போட்டிருக்கும். அந்தக் கோடு வெளியே தெரிந்தால் தண்டு போதிய ஆழம் இறங்கவில்லை என்று பொருள்.

முன் சக்கரத்தை மாட்டும்போது அது போர்க்கின் காடியில் இருபுறமும் முழுமையாக அமர வேண்டும். குவிக் ரிலீஸ் நெம்புகோல் உள்ள வண்டியில், நெம்புகோலையே நட்டு போலச் சுற்றி முறுக்குவது ஆபத்து. அதைப் பாதி மடக்கும்போது கைக்கு இறுக்கம் தெரிய வேண்டும். முழுதும் மடக்கும்போது உள்ளங்கையில் தடம் பதிய வேண்டும். அதுதான் சரியான பிடி.

பிறகு பெடல். பீன்யா பட்டறைகளில் வேலை செய்பவர்களுக்கு மரையைப் பற்றிச் சொல்லித் தர வேண்டியதில்லை. மற்றவர்கள் கவனிக்க வேண்டியது இதுதான்: வலது பெடல் கடிகாரம் சுற்றும் திசையில் ஏறும், இடது பெடல் அதற்கு எதிர்த் திசையில் ஏறும். பெடலின் தண்டில் ஆங்கில எழுத்து "எல்" இருந்தால் இடது, "ஆர்" இருந்தால் வலது. கொஞ்சம் கிரீஸ் தடவி, முதல் சில சுற்றுகளைக் கையாலேயே ஏற்ற வேண்டும். கையால் ஏறாவிட்டால் ஸ்பேனரைப் போட்டு அழுத்தக் கூடாது. மரை அழிந்த கிராங்கில் பெடல் அன்றைக்கு நிற்கும். ஒரு வாரம் கழித்து, பஸ்ஸுக்கு முன்னால் ஏறி மிதிக்கும்போது கழன்று விழும்.

கடைசியாகப் பிரேக். கட்டை ரிம்மைத் தொட வேண்டும், டயரைத் தொடக் கூடாது. டிஸ்க்கில் எண்ணெயோ கிரீஸோ விரலால்கூடப் படக் கூடாது. பின் சக்கரத்தைத் தூக்கிச் சுழற்றி எல்லாக் கியரையும் மாற்றிப் பார்ப்பதும் அவசியம். வழியில் கியர் அடிபட்டு வளைந்திருந்தால், பெரிய பல்லுக்கு ஏறும் செயின் ஸ்போக்குக்குள் விழுந்து சக்கரத்தையே நிறுத்திவிடும்.

பங்க்சர் கடையில் ஒரு சிக்கல்

பழைய கறுப்பு சைக்கிளின் 28 அங்குலம், ஒன்றரை அங்குல டயருக்கு ரிம் அளவு 635 மில்லிமீட்டர். ஹைபிரிட் வண்டியின் 700சி டயருக்கு 622 மில்லிமீட்டர். பார்வைக்கு ஒன்றுபோல் தெரிந்தாலும் ஒன்று மற்றதில் உட்காராது. டயரின் பக்கவாட்டில் "37-622" என்பது போல அச்சிட்டிருக்கும். இந்த எண்ணைக் குறித்து வைத்துக்கொண்டு கடைக்குப் போனால் வீண் அலைச்சல் இல்லை. எவ்வளவு காற்று அடிக்கலாம் என்பதும் அங்கேயே இருக்கும்.

குறை இருந்தால்

வந்த பொருள் பழுதாகவோ, விளம்பரத்தில் சொன்னதற்கு மாறாகவோ இருந்தால், திரும்ப எடுக்க மாட்டேன் என்று விற்பவர் மறுக்க முடியாது. மின்வணிகத்துக்கான 2020-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்பு விதிகள் இதைச் சொல்கின்றன. புகாரை 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்பதும் அதில் உண்டு. பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம். ரசீதும் படங்களும் இருந்தால்தான் புகார் நிற்கும். பெடல் அச்சுக்கு அடியில் பொறித்திருக்கும் பிரேம் எண்ணையும் எழுதி வைத்தால், வண்டி திருட்டுப் போகும் நாளில் போலீசில் சொல்ல ஓர் அடையாளம் இருக்கும்.

மேஸ்திரிக்கும் வேலை உண்டு

இத்தனையும் தானே செய்யத் துணிவில்லை என்றால் வெட்கப்பட ஏதுமில்லை. தெருமுனை சைக்கிள் கடையில் பிட்டிங் கூலி கொடுத்துப் பூட்டச் சொல்லலாம். "எங்களிடம் வாங்கவில்லையே" என்று அவர் முகம் சுளித்தாலும், கூலியைக் குறைக்காமல் கொடுத்தால் அந்த மனத்தாங்கல் நீடிக்காது. தானே பூட்டியவர்களும் 100 கிலோமீட்டர் ஓடிய பின் ஒருமுறை அவரிடம் காட்டுவது நல்லது. புது வண்டியில் பிரேக் ஒயர் தளரும், ஸ்போக் இளகும், போல்ட்டு நெகிழும். கோட்டம் எடுக்கத் தெரிந்த கை அட்டைப்பெட்டியில் வருவதில்லை. அதைத் தெருவில் இருக்கும்போதே பழக்கப்படுத்திக்கொள்வதுதான் சைக்கிள் வாங்குகிறவருக்கு லாபம்.