அமெரிக்கா டூ சிங்கப்பூர் சொகுசுக் கப்பல்: ஒரே மூச்சில் பறப்பதா, நடுவில் அட்டுவம்பட்டியில் இறங்குவதா?

நியூயார்க்கில் வியாழக்கிழமை இரவு பத்தரை மணிக்கு விமானம் ஏறினால், சிங்கப்பூரில் கால் வைப்பது சனிக்கிழமை விடியற்காலை. வெள்ளிக்கிழமை என்று ஒரு நாள் வானத்திலேயே காணாமல் போய்விடும். டிக்கெட்டில் '+2' என்று சின்னதாகப் போட்டிருப்பதைக் கவனிக்காமல், வெள்ளிக்கிழமை மாலை புறப்படும் கப்பலில் அறை பதிவு செய்தால் பணம் போனது போனதுதான்.

சிங்கப்பூரில் இருந்து பினாங்கு, புக்கெட், போர்ட் கிளாங் என்று 3 நாள், 4 நாள், 5 நாள் சுற்றிக் காட்டும் சொகுசுக் கப்பல்களுக்கு வெளிநாடு வாழ் தமிழர்கள் மத்தியில் நல்ல வரவேற்பு இருக்கிறது. அமெரிக்காவில் வேலை பார்க்கும் பிள்ளைகள் நேராக சிங்கப்பூர் வந்துவிடுவது, ஊரில் இருக்கும் அப்பா அம்மாவை மதுரையில் இருந்து விமானத்தில் வரவைப்பது, எல்லோரும் சேர்ந்து கப்பல் ஏறுவது. திட்டமாகக் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால், இதில் யாருக்கு எது நீண்ட பயணம், எங்கே நின்று ஓய்வெடுக்க வேண்டும் என்பதைப் பலர் யோசிப்பதில்லை.

கொடைக்கானல் அருகே இருக்கும் அட்டுவம்பட்டியை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் இருக்கும் ஊர் என்றால் பலருக்கும் தெரியும். பெற்றோர் இந்த ஊரில், பிள்ளைகள் அமெரிக்காவில். கப்பல் சிங்கப்பூரில். என்ன செய்வது?

நேரடி விமானம் எவ்வளவு நேரம்?

நியூயார்க் ஜே.எப்.கே. விமான நிலையத்தில் இருந்து சிங்கப்பூருக்கு சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் நேரடி விமானம் இயக்குகிறது. உலகின் மிக நீண்ட பயணிகள் விமான சேவைகளில் இதுதான் முன்னணியில் இருப்பது. தூரம் சுமார் 15,300 கிலோமீட்டர். நேரம் ஏறக்குறைய 18 மணி 40 நிமிடம். இதற்கென்றே தயாரான ஏர்பஸ் ஏ350-900 யூ.எல்.ஆர். ரக விமானத்தில் சாதாரண எகானமி வகுப்பே கிடையாது. பிசினஸ் வகுப்பும் பிரீமியம் எகானமியும் மட்டும்தான். ஆக, 'நடுவில் எங்கேயும் இறங்க வேண்டாம்' என்று நினைப்பவர்கள் அதற்குத் தனி விலை கொடுக்கத்தான் வேண்டும்.

மீதிப் பேர் துபாய், தோஹா, லண்டன், பிராங்க்பர்ட் வழியாக மாறி மாறி வருகிறார்கள். இதில் மொத்தம் 24 மணி நேரத்தைத் தாண்டுவது சாதாரணம். அமெரிக்கா - டெல்லி நேரடி விமானங்களுக்கோ இன்னொரு தொல்லை. 2025 ஏப்ரலில் இந்திய விமானங்களுக்கு பாகிஸ்தான் தன் வான்வெளியை மூடியதில் இருந்து சுற்றுவழி, கூடுதல் நேரம், சில சேவைகளில் எரிபொருளுக்காக நடுவில் இறங்குவது என்று ஆனது.

நடுவில் இறங்கினால் உடம்புக்கு என்ன நடக்கும்?

மனித மூளைக்குள் ஒரு கடிகாரம் ஓடுகிறது. எப்போது தூக்கம், எப்போது பசி என்று முடிவு செய்வது அதுதான். இந்தக் கடிகாரம் மரபணு அளவில் எப்படி இயங்குகிறது என்று கண்டுபிடித்ததற்காகத்தான் 2017-ல் ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ரோஸ்பாஷ், மைக்கேல் யங் ஆகிய மூவருக்கும் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. நேர மண்டலம் மாறும்போது இந்தக் கடிகாரம் உடனே மாறாது. தோராயக் கணக்காக, ஒரு மணி நேர வித்தியாசத்துக்கு ஒரு நாள் என்று டாக்டர்கள் சொல்வார்கள். கிழக்கு நோக்கிப் பறந்தால் சரியாவது பொதுவாக இன்னும் மெதுவாக நடக்கும்.

கோடை காலத்தில் நியூயார்க்குக்கும் சிங்கப்பூருக்கும் 12 மணி நேர வித்தியாசம். அதாவது பகல் அப்படியே இரவு. அந்த நிலைமையில் நேராகக் கப்பல் ஏறுபவர், பகலில் தூங்கிவிட்டு நள்ளிரவில் கொட்டக் கொட்ட விழித்திருப்பார். 4 நாள் பயணம் முடிந்து இறங்கும்போதும் உடம்பு பாதி நியூயார்க்கில்தான் இருக்கும்.

லண்டனில் ஒரு நாள் தங்கிப் போனால்? கால் நீட்டலாம், குளிக்கலாம், தூங்கலாம். சோர்வு குறையும். ஆனால், கடிகாரப் பிரச்சினை தீராது. லண்டன் நேரத்துக்கு உடம்பு பழகத் தொடங்கும்போதே மறுபடி 7 மணி நேரம் தள்ளிப்போக வேண்டும். சோர்வு வேறு, நேரக் குழப்பம் வேறு. ஒரு நாள் ஓட்டலில் தங்குவது முதலாவதற்கு மட்டும்தான் மருந்து.

இங்கேதான் அட்டுவம்பட்டி கணக்குக்குள் வருகிறது. நியூயார்க்கில் இருந்து இந்தியாவுக்குக் கோடையில் ஒன்பதரை மணி நேர வித்தியாசம். இந்தியாவில் இருந்து சிங்கப்பூருக்கு வெறும் இரண்டரை மணி நேரம். ஊரில் ஒரு வாரம், பத்து நாள் இருந்துவிட்டுப் போனால் பன்னிரண்டில் ஒன்பதரையை வீட்டுச் சாப்பாட்டோடு கடந்தாயிற்று. மீதி இரண்டரை மணி நேரம் பெரிய விஷயமே இல்லை. மதுரையில் இருந்து சிங்கப்பூருக்கு விமானத்தில் சுமார் 4 மணி நேரம்தான்.

நீண்ட பயணத்தை இப்படி உடைத்து உடைத்து வருவது கொடைக்கானலுக்குப் புதிதல்ல. 1845-ல் அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்தவர்கள் இங்கே முதல் வீடுகளைக் கட்டியபோது சூயஸ் கால்வாயே கிடையாது. அது 1869-ல்தான் திறந்தது. அதற்கு முன் ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றி மாதக்கணக்கில் கப்பலில் வர வேண்டும். பிற்காலத்தில் ரயில் வந்த பிறகும்கூட அம்மையநாயக்கனூரில் இறங்கி, மாட்டு வண்டியில் மலையடிவாரத்துக்கு வந்து, அங்கிருந்து குதிரையிலோ ஆள் தூக்கும் நாற்காலியிலோதான் மேலே ஏறினார்கள். அந்த அம்மையநாயக்கனூர் நிலையத்துக்குத்தான் இப்போது கொடைக்கானல் ரோடு என்று பெயர்.

விமானத்துக்குள் கொடைக்கானல் உயரம்

பலருக்குத் தெரியாத ஒரு தகவல். விமானம் 35,000 அடியில் பறந்தாலும் உள்ளே காற்றழுத்தத்தை 6,000 முதல் 8,000 அடி உயரத்துக்குச் சமமாகத்தான் வைத்திருப்பார்கள். கொடைக்கானல் சுமார் 7,000 அடி. முதல் முறை விமானம் ஏறும் மலைவாசிப் பெரியவர், 'மேலே போனால் மூச்சு முட்டுமா' என்று கேட்டால், 'நம்ம ஊரில் இருப்பது மாதிரிதான்' என்று தைரியமாகச் சொல்லலாம். சமவெளியில் இருந்து வருபவர்களுக்குத்தான் அது மாற்றம். ஆனால் ஒரு விஷயத்தில் தலைகீழ். கொடைக்கானலில் மூடுபனி, ஈரக்காற்று. விமானத்துக்குள் ஈரப்பதம் பெரும்பாலும் 20 சதவீதத்துக்கும் கீழே. தொண்டை வறளும். தண்ணீர் குடித்துக்கொண்டே இருக்க வேண்டும். இதய, நுரையீரல் நோய் இருப்பவர்கள் எந்த ஊராக இருந்தாலும் டாக்டரைக் கேட்காமல் கிளம்பக் கூடாது.

இன்னொரு பயம், காலில் ரத்தம் உறைவது. உலக சுகாதார நிறுவனம் 2007-ல் வெளியிட்ட ஆய்வு முடிவின்படி, 4 மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்து பயணம் செய்தால் இந்த ஆபத்து ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது. ஆனாலும் 6,000 பேரில் ஒருவருக்கு என்ற அளவில்தான். 'அப்படியென்றால் நடுவில் இறங்கி ஏறினால் ஆபத்தே இல்லையா?' அப்படிச் சொல்ல முடியாது. குறுகிய காலத்தில் பல விமானங்கள் மாறுபவர்களுக்கும் ஆபத்து கூடுவதாக அதே ஆய்வு சொல்கிறது. கார், பஸ், ரயில் பயணமும் இதில் அடக்கம். எத்தனை துண்டாக உடைத்தாலும், ஒவ்வொரு துண்டிலும் எழுந்து நடப்பதும் கணுக்காலை அசைப்பதும் அவசியம். இன்சுலின் போடுபவர்கள் நேர வித்தியாசத்துக்கு ஏற்ப எப்போது போடுவது என்று முன்கூட்டியே டாக்டரிடம் எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.

அப்பா அம்மாவுக்கு நீண்ட பயணம் எது?

விமானம் என்று நினைத்தால் தப்பு. அவர்களுக்குக் கஷ்டமானது மலைப்பாதை. அட்டுவம்பட்டியில் இருந்து கொடைக்கானல், பெருமாள்மலை, வத்தலக்குண்டு வழியாக மதுரை விமான நிலையம் வர எப்படியும் நான்கு மணி நேரம் ஒதுக்க வேண்டும். கொண்டை ஊசி வளைவுகளில் வாந்தி, தலைசுற்றல் வேறு. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் மரம் விழுவதும் மண் சரிவதும் மலைக்காரர்களுக்குப் பழகிய செய்தி. சர்வதேச விமானத்துக்கு 3 மணி நேரம் முன்பே போக வேண்டும் என்பதையும் சேர்த்தால், அன்றைக்கே கிளம்பி அன்றைக்கே பறப்பது சூதாட்டம்தான்.

முதல் நாள் பகலிலேயே இறங்கி மதுரையில் ஒரு இரவு தங்கிவிட்டால் பாதிக் கவலை போய்விடும். திருச்சி, கோவையில் இருந்தும் சிங்கப்பூர் விமானங்கள் உண்டு. திருச்சியில் சேவைகள் அதிகம் என்பதால், ஒன்று ரத்தானால் அடுத்ததைப் பிடிக்க வாய்ப்பும் அதிகம். என்ன, மலையில் இருந்து இன்னும் கூடுதல் தூரம்.

அமெரிக்காவில் இருந்து வரும் பிள்ளைகளுக்கும் ஒரு குறிப்பு. மதுரையில் வாடகைக் கார் பிடித்து மேலே வருவதாக இருந்தால் இ-பாஸ் தேவை. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இது நடைமுறையில் இருக்கிறது. உள்ளூர் வாகனங்களுக்கு விலக்கு உண்டு. சென்னையில் இறங்குபவர்கள் பாண்டியன் எக்ஸ்பிரஸில் கொடைக்கானல் ரோடு வந்து இறங்கினால், ஊர் காரையே கீழே வரச் சொல்லிவிடலாம்.

கப்பல் காத்திருக்காது

பஸ் போனால் அடுத்த பஸ். கப்பல் அப்படியல்ல. மாலை 4 அல்லது 5 மணிக்குப் புறப்பாடு என்றால், பல நிறுவனங்கள் 60 முதல் 90 நிமிடங்களுக்கு முன்பே கதவைச் சாத்திவிடும். பயணிகள் பட்டியலைத் துறைமுக அதிகாரிகளிடம் கொடுத்தாக வேண்டும் என்பதால், 'விமானம் லேட்' என்று கெஞ்சினாலும் பலன் இல்லை. அடுத்த துறைமுகத்துக்குச் சொந்தச் செலவில் பறந்து போய் ஏற அனுமதி கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். அந்த நாட்டுக்குள் நுழையும் ஆவணமும் கையில் இருக்க வேண்டும்.

அதனால் கப்பல் புறப்படும் நாளில் சிங்கப்பூரில் இறங்கும் டிக்கெட்டை, அது எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும், எடுக்கவே கூடாது. குறைந்தது ஒரு நாள் முன்பு. அமெரிக்காவில் இருந்து நேராக வருபவர்கள், வயதானவர்களோடு வருபவர்கள் என்றால் இரண்டு நாள். சிங்கப்பூரில் ஓட்டல் வாடகை கையைக் கடிக்கும்தான். மொத்தக் கப்பல் கட்டணத்தையும் இழப்பதோடு ஒப்பிட்டால் அது சின்னச் செலவு. பயணக் காப்பீடு எடுக்கும்போது, கப்பலைத் தவறவிட்டால் இழப்பீடு உண்டா என்று தனியாகப் பார்க்க வேண்டும். எல்லாப் பாலிசியிலும் இது இருக்காது.

டிக்கெட்டை எப்படி எடுப்பது?

விமான நிறுவனங்களின் கணக்கில், சர்வதேசப் பயணத்தில் 24 மணி நேரத்துக்குள் மாறினால் அது டிரான்சிட். அதற்கு மேல் தங்கினால் ஸ்டாப் ஓவர். கட்டணம் மாறும்.

ஒரே டிக்கெட்டில் எல்லா விமானமும் இருந்தால், முதல் விமானம் தாமதமாகி அடுத்ததைத் தவறவிட்டாலும் மாற்று ஏற்பாடு அவர்கள் பொறுப்பு. தனித்தனி டிக்கெட் என்றால் யாரும் பொறுப்பல்ல. சில மணி நேர இடைவெளியில் தனித்தனி டிக்கெட்டை நம்புவது ஆபத்து. ஆனால், நடுவில் ஊரில் ஒரு வாரம் இருக்கப்போகிறோம் என்றால் அந்தப் பயம் இல்லை. அமெரிக்கா - மதுரை போக வர ஒரு டிக்கெட், மதுரை - சிங்கப்பூர் போக வர இன்னொன்று. அமெரிக்காவில் இருந்து கொண்டுவந்த பெரிய பெட்டிகளை வீட்டிலேயே வைத்துவிட்டு, மலிவு விமானத்துக்கு ஏற்ற சின்னப் பெட்டியோடு கிளம்பலாம்.

சிலர் திரும்பும்போது சிங்கப்பூரில் இருந்தே நேராக அமெரிக்கா போய்விடுகிறார்கள். பணம் மிச்சம் ஆகலாம். ஆனால், முதன்முறை வெளிநாடு போன அப்பா அம்மா சாங்கி விமான நிலையத்தில் இருந்து தனியாகத் திரும்ப வேண்டியிருக்கும். அதையும் யோசித்துக்கொள்ள வேண்டும்.

விசா விஷயத்தில் வீடு இரண்டு

ஒரே குடும்பம்தான். ஆனால் பாஸ்போர்ட் வேறு. இந்திய பாஸ்போர்ட் வைத்திருக்கும் பெற்றோருக்கு சிங்கப்பூர் விசா கட்டாயம். அமெரிக்கக் குடிமகனாகிவிட்ட மகனுக்கு அது தேவையில்லை. ஆனால், அவர் அட்டுவம்பட்டியில் தங்க ஓ.சி.ஐ. அட்டையோ இந்திய இ-விசாவோ வேண்டும். அவசரத்தில் நியூயார்க் விமான நிலையத்துக்கு வந்த பிறகு இதை நினைத்துப் பயன் இல்லை.

கப்பல் சிங்கப்பூரை விட்டு வெளியே போய் மறுபடி சிங்கப்பூருக்கே வரும்போது, அது இரண்டாவது முறை நாட்டுக்குள் நுழைவதாகக் கணக்கு. பெற்றோரின் விசா பலமுறை நுழைய அனுமதிப்பதா என்று பார்க்க வேண்டும். பாஸ்போர்ட் இன்னும் 6 மாதமாவது செல்லுபடியாக வேண்டும். சிங்கப்பூர் வருகை அட்டையை வருவதற்கு முந்தைய 3 நாட்களுக்குள் ஆன்லைனில் இலவசமாகவே நிரப்பலாம். இதற்குப் பணம் கேட்கும் இணையதளங்களிடம் சிக்கக் கூடாது. மலேசியா, தாய்லாந்து விதிகள் அடிக்கடி மாறுவதால், கப்பல் எந்தெந்தத் துறைமுகத்தில் நிற்கிறதோ அந்தந்த நாட்டு அரசு இணையதளத்தைக் கிளம்பும் முன் ஒருமுறை பார்ப்பது பாதுகாப்பு.

திரும்பி வரும் நாளிலும் கவனம் வேண்டும். கப்பல் பெரும்பாலும் காலையில் கரை சேரும். எல்லோரும் இறங்கிக் குடிநுழைவு முடிய மதியம்கூட ஆகலாம் என்பதால், அன்று காலை விமானத்தைப் பதிவு செய்யக் கூடாது. மாலை விமானத்தில் வந்து மதுரையில் இரவு இறங்கினால், அலுப்போடு நள்ளிரவில் மலை ஏறாமல், அங்கேயே தங்கிவிட்டு விடிந்த பிறகு வண்டியை எடுக்கலாம்.